லாங்கரை ஏன் ஐவரில் கடைசியாக வைக்கிறீர்கள்?

வாசகர் கேள்வி, 7 ஏப்ரல் 2025

"இந்த வாரம் ஜெர்மன் கோல்ஃப் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் கடைசி முறையாக மாஸ்டர்ஸ் போட்டியில் ஆடுகிறார். எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். ஐரோப்பாவின் அந்தப் பெரிய ஐந்து பேரில் செவெ மேதை. ஃபால்டோ உழைத்து உழைத்து உச்சிக்குப் போனவர். லைலும் வூஸ்னமும் பிறவித் திறமை. லாங்கர்? மெதுவாக ஆடுவார், ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையை 1991-இல் கோட்டைவிட்டார், அப்புறம் 50 வயது தாண்டியவர்கள் தொடரில் கோப்பை சேர்த்தார். இதற்கு மேல் என்ன இருக்கிறது?"

7 ஏப்ரல் 2025, இரவு

நிறைய இருக்கிறது.

அந்த ஐவர் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். செவெ பாலஸ்டெரோஸ் 1957 ஏப்ரலில் பிறந்தவர். நிக் ஃபால்டோ அதே ஆண்டு ஜூலை, லாங்கர் ஆகஸ்ட். சாண்டி லைல் 1958 பிப்ரவரி, இயான் வூஸ்னம் மார்ச். பதினோரு மாத இடைவெளிக்குள் ஐந்து பேரும் பிறந்துவிட்டார்கள். மேஜர் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் வெற்றிகளில் ஃபால்டோவுக்கு 6, செவெவுக்கு 5, லாங்கருக்கும் லைலுக்கும் 2, வூஸ்னமுக்கு 1. எண்ணிப் பார்த்தாலே லாங்கர் கடைசி இல்லை. ஐரோப்பியத் தொடரில் 42 வெற்றிகள். அவருக்கு மேலே இருப்பவர் செவெ மட்டும்தான், 50. 1986 ஏப்ரலில் உலகத் தரவரிசை முதன்முதலாக வெளியானபோது முதலிடத்தில் இருந்தவர் லாங்கர், அடுத்து செவெ, மூன்றாவது லைல்.

ஆனால் என் வாதம் எண்ணிக்கையில் இல்லை. குட்டி அடியில் கை தானாக இழுத்துக்கொள்ளும் யிப்ஸ் ஒரு தடவை வந்தாலே நல்ல நல்ல ஆட்டக்காரர்கள் காணாமல் போயிருக்கிறார்கள். லாங்கருக்கு அது நான்கு தடவை வந்தது. நான்கு தடவையும் எழுந்து வந்தார், ஒவ்வொரு தடவையும் வேறு வழியில். அந்த ஐவரில் வேறு யாரும் செய்யாத காரியம் அது. விரிவாக நாளைக்கு எழுதுகிறேன்.

8 ஏப்ரல் 2025

யிப்ஸ் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பந்து குழிக்கு மூன்றடி தூரத்தில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகூட உள்ளே தள்ளிவிடும். பட்டரை, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையை, பின்னால் எடுக்கிறீர்கள். முன்னால் கொண்டுவரும் அந்தக் கணத்தில் கை தானாக வெட்டி இழுக்கிறது. பந்து குழியைத் தாண்டி ஐந்தடி போய் நிற்கிறது. வெறும் பதற்றம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரே நுணுக்கமான அசைவை வருடக்கணக்கில் செய்கிற இசைக் கலைஞர்களுக்கும் நிறைய எழுதுகிறவர்களுக்கும் கை இழுத்துக்கொள்ளும் ஒரு நரம்புக் கோளாறு உண்டு. மருத்துவர்கள் யிப்ஸை அதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். சிலருக்கு அது, சிலருக்குப் பயம், பலருக்கு இரண்டும் கலந்து.

எனக்கும் வந்தது. ஷ்டுட்கார்ட் பக்கம் ஒன்பது குழி மைதானம் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் மைதானத்தில் இறங்குவதற்கே 'பிளாட்ஸ்ரைஃபே' என்று ஒரு தேர்வில் தேற வேண்டும். விதிகளும் தெரிந்திருக்க வேண்டும், ஆடியும் காட்ட வேண்டும். அதெல்லாம் தேறி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கோடைக்காலம் முழுக்கக் கை இழுத்தது. கூட ஆடும் அலுவலக நண்பர்கள் சின்ன பட்களை (பட்டரால் அடிக்கும் அடிகளை) "வேண்டாம், பந்தை எடுத்துக்கொள்" என்று விட்டுக்கொடுப்பார்கள். அந்தக் கருணையைத் தாங்குவதுதான் இன்னும் கஷ்டம். வீட்டில் சமையலறையில் நிற்கும்போதுகூட வலது கை அந்த அசைவை நினைத்துக்கொள்ளும்.

எனக்கு இதில் பணமும் இல்லை, பெயரும் இல்லை. பிழைப்பே இதுவாக இருக்கும் ஒருவருக்கு, உலகமே தொலைக்காட்சியில் பார்க்கும்போது இப்படி நடந்தால்? நான் லாங்கரைப் பார்ப்பது அங்கிருந்துதான்.

அவருக்கு முதலில் வந்தது பத்தொன்பது வயதை ஒட்டி. ஜெர்மனியின் மெதுவான கிரீன்களில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பழகிய பையன் ஐரோப்பியத் தொடருக்கு வந்ததும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் கண்ணாடி மாதிரி ஓடும் கிரீன்களைச் சந்தித்தார். பணமும் நெருக்கியது. கை பயந்துவிட்டது. 1980-இல் சன்னிங்டேல் மைதானக் கடையில் 5 பவுண்டுக்கு ஒரு பழைய பட்டர் வாங்கினார், கொஞ்சம் கனமானது. அது கைக்குப் பிடித்துவிட்டது. அந்த ஆண்டே டன்லப் மாஸ்டர்ஸ் வென்றார், ஐரோப்பியத் தொடரில் முதல் வெற்றி.

1982-இல் மறுபடி. இந்தத் தடவை பிடியை மாற்றினார். குட்டி பட்களுக்கு மட்டும் இடது கை கீழே, வலது கை மேலே. நீண்ட பட்களுக்கு எல்லோரையும் போலப் பழைய பிடி. 1985 மாஸ்டர்ஸை இப்படித்தான், ஒரே சுற்றில் இரண்டு பிடிகளை மாற்றி மாற்றிப் பிடித்து வென்றார்.

1988-இல் மூன்றாவது தடவை, மிக மோசமாக. அப்போது வந்ததுதான் உலகமே 'லாங்கர் பிடி' என்று சொல்லும் அந்த விசித்திரம். இடது கையைப் பட்டரின் பிடியில் நன்றாகக் கீழே இறக்கி, தண்டை இடது முன்கையோடு ஒட்டவைத்து, வலது கையால் தண்டையும் முன்கையையும் சேர்த்து இறுக்கிக்கொள்வார். எலும்பு முறிந்த கைக்குச் சிம்பு வைத்துக் கட்டியதைப் போல. மணிக்கட்டு அசையவே முடியாது. 1993 மாஸ்டர்ஸ் இந்தப் பிடியில் வந்தது.

நான்காவது 1990-களின் நடுவில். அதற்கு மருந்து மார்பு வரை எட்டும் நீளப் பட்டர். இன்றுவரை அதுதான்.

9 ஏப்ரல் 2025

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று விட்டுப்போனது தெரிகிறது. இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது?

அவர் ஊர் ஆன்ஹவுசன், பவேரியாவில் ஆவுக்ஸ்பர்க் நகருக்குப் பக்கத்துச் சின்ன கிராமம். அப்பா எர்வின் லாங்கர் கொத்தனார். போர் முடிந்த சமயத்தில் சோவியத் கைதியாக ரயிலில் கொண்டுபோகப்பட்டு, ஓடும் ரயிலிலிருந்து குதித்துத் தப்பி வந்தவர். மகன் எட்டு ஒன்பது வயதில் ஆவுக்ஸ்பர்க் கோல்ஃப் கிளப்பில் கேடியாகப் பை தூக்கப் போனார், காசுக்காக. கேடிப் பையன்கள் எல்லோருக்கும் சேர்த்து நான்கு பழைய கோல்ஃப் மட்டைகள்தான் இருந்தன. அதில் பட்டரின் தண்டு வளைந்திருந்தது. அன்றைய மேற்கு ஜெர்மனியில் கோல்ஃப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, பெரும்பாலானவர்கள் கண்ணால்கூடப் பார்க்காத ஆட்டம். பள்ளி முடித்த பையன் வேலைவாய்ப்பு ஆலோசகரிடம் கோல்ஃப் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகப்போவதாகச் சொன்னபோது அப்படி ஒரு வேலையே இல்லை என்று பதில் வந்தது. பதினைந்து வயதில் மியூனிக் கிளப்பில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்துவிட்டார்.

அப்புறம் கட்டாய ராணுவ சேவை. மூட்டை சுமந்து நடந்ததில் முதுகில் அடி. அந்த முதுகை வைத்துக்கொண்டுதான் அரை நூற்றாண்டு ஆடியிருக்கிறார்.

செவெவுக்கும் ஏறத்தாழ இதே பின்னணி. அவரும் கேடி, அவரும் ஏழை வீடு, கடற்கரை மணலில் ஒரே ஒரு 3 அயர்ன் மட்டையை வைத்துக்கொண்டு பழகியவர். ஆனால் ஸ்பெயினில் அவர் வீட்டிலேயே அண்ணன்மார், மாமா எல்லோரும் ஆடினார்கள். லாங்கருக்கு முன்னால் நடந்துபோன ஜெர்மானியர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஜெர்மன் ஓபன் போட்டியை ஒரு ஜெர்மானியர் வென்றதே 1981-இல் லாங்கர் வென்றபோதுதான் முதல் தடவை.

9 ஏப்ரல் 2025, பிறகு

மரத்தில் ஏறி அடித்தது உண்மையா என்று கேட்டவருக்கு: உண்மை. 1981, யார்க் பக்கம் ஃபுல்ஃபர்ட் மைதானம், 17-வது குழி. பந்து கிரீன் ஓரத்து மரத்தில் கிளைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. கையில் மட்டையோடு ஏறி, மரத்தில் இருந்தபடியே பந்தைத் தட்டிக் கிரீனில் போட்டார். அந்தப் போட்டியை அவர் வெல்லவில்லை, ஆனால் இங்கிலாந்தில் பலருக்கு அவர் பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. புகைப்படம் தேடிப் பாருங்கள், அவ்வளவு அழகு. இறுக்கமான ஆள் என்று அவரைச் சொல்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

12 ஏப்ரல் 2025

நேற்றிரவு தூங்கவில்லை. லாங்கர் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில், அதாவது ஓர் அடியில், கட் தாண்டாமல் வெளியே போய்விட்டார் (முதல் இரண்டு நாள் ஸ்கோரை வைத்துப் பின்தங்கியவர்களை நிறுத்துவதுதான் கட்). 67 வயது, 41-வது மாஸ்டர்ஸ். 18-வது கிரீனில் அந்தப் பார் பட் (குழிக்கு விதித்த அடிக் கணக்கில், பாரில், முடிக்கும் பட்) விழுந்திருந்தால் சனி, ஞாயிறும் ஆடியிருப்பார்.

இதை அனுதாபமாக எழுதவில்லை. மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா மைதானம் இப்போது 7,500 கெஜத்துக்கு மேல். இளைஞர்கள் 9 அயர்ன் என்ற குறைந்த தூர மட்டையை எடுக்கும் இடத்தில் அவர் அதிக தூரம் அடிக்கும் ஹைப்ரிடும் வுட்டும் எடுத்துக் கிரீனைத் தேடுகிறார். அந்த நீளத்தைச் சொல்லித்தான் விலகுவதாக அறிவித்தார். அப்படியும் உலகின் முதல்தர ஆட்டக்காரர்கள் பலர் அவருக்குப் பின்னால் ஊருக்குப் போனார்கள். 2020-இல் 63 வயதில் கட் தாண்டி, மாஸ்டர்ஸில் கட் தாண்டிய மிக வயதானவர் என்று சாதனை வைத்தவர். 2016-இல் 58 வயதில் கடைசி நாள் தொடங்கும்போது முதலிடத்துக்கு இரண்டு ஸ்ட்ரோக் மட்டுமே பின்னால் இருந்தார். 'கிழவர்களை அடித்தவர்' என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

14 ஏப்ரல் 2025

ரோரி மெக்கில்ராய் மாஸ்டர்ஸை வென்றுவிட்டார்! நான்கு மேஜர்களையும் முடித்த முதல் ஐரோப்பியர். இங்கே எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். ஆனால் அகஸ்டாவில் ஐரோப்பியர் வெல்வது சாதாரணம் என்ற நினைப்பு எப்போது வந்தது என்று பாருங்கள். 1980-இலும் 1983-இலும் செவெ. 1985-இல் லாங்கர். அப்புறம் 1988 லைல், 1989-உம் 1990-உம் ஃபால்டோ, 1991 வூஸ்னம். செவெ கதவைத் திறந்தார் என்றால் அது ஒரு மேதைக்கு மட்டும் திறந்த கதவு இல்லை என்று காட்டியவர் லாங்கர்.

1985-ஐக் கொஞ்சம் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் 72, 74. யாரும் அவரைக் கவனிக்கவில்லை. சனிக்கிழமை 13-வது குழியில் 3 வுட்டால் அடித்த பந்து தாழ்வாகப் போய் ஓடையைத் தாவிக் கிரீனுக்கு வந்தது. ஈகிள், பாருக்கு இரண்டு அடி குறைவு. அதிர்ஷ்டம்தான், மறுக்க முடியாது. ஞாயிறன்று அதற்கு நேர்மாறு கர்டிஸ் ஸ்ட்ரேஞ்சுக்கு நடந்தது. வியாழக்கிழமை 80 அடித்துவிட்டு, அடுத்த நாள் 65 அடித்துத் திரும்பி வந்து, ஞாயிறு முன்னிலையில் இருந்தவர் 13-இலும் 15-இலும் பந்தைத் தண்ணீரில் போட்டார். லாங்கர் 68, 68 என்று முடித்து இரண்டு ஸ்ட்ரோக்கில் வென்றார். பின்னால் நின்றவர்கள் ஸ்ட்ரேஞ்ச், செவெ, ரே ஃபிளாய்டு. அடுத்த வாரமே ஹில்டன் ஹெட்டில் இன்னொரு கோப்பை. முதல் மேஜர் வென்ற மறுவாரம் பலருக்கு எழுந்திருக்கவே தெம்பு இருக்காது.

மறு ஆண்டு சாம்பியன்கள் விருந்துக்கு அவர் வைத்தது வீனர் ஷ்னிட்சல். இதை எழுதும்போது பசிக்கிறது, மதியம் கீழே கேண்டீனில் அதுதான்.

20 ஏப்ரல் 2025

இன்று ஈஸ்டர். 1993 மாஸ்டர்ஸின் கடைசி நாளும் ஈஸ்டர் ஞாயிறுதான். லாங்கருக்கு அது சின்ன விஷயம் இல்லை. 1985-இல் வென்றதும் எல்லாம் கிடைத்துவிட்டது, ஆனாலும் உள்ளே ஏதோ காலி என்று தோன்றியதாகவும், ஹில்டன் ஹெட் வாரத்தில் சக ஆட்டக்காரர் ஒருவர் அழைத்துப் போன பைபிள் வாசிப்பில்தான் தன் வாழ்க்கை திரும்பியது என்றும் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் 1991-க்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தை அதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியவில்லை.

சரி, 1991-க்கு வருவோம். கேள்வியில் 'கோட்டைவிட்டார்' என்ற வார்த்தை இருக்கிறது. என்ன நடந்தது என்று முழுதாகப் பார்க்கலாம்.

தென் கரோலினா, கியாவா தீவு. வளைகுடாப் போர் முடிந்த ஆண்டு, பத்திரிகைகள் போட்டியையும் போர் மாதிரியே எழுதின. அமெரிக்க வீரர்கள் சிலர் ராணுவ நிறத் தொப்பி போட்டு வந்தார்கள். கடைசி நாள், கடைசி ஜோடி, லாங்கரும் ஹேல் இர்வினும். லாங்கர் வென்றால் 14-14, கோப்பை ஏற்கெனவே வைத்திருந்த ஐரோப்பாவிடமே நிற்கும். அவர்கள் ஆட்டம் டை ஆனால் கோப்பை அமெரிக்காவுக்கு. நான்கு குழி மீதமிருக்கையில் லாங்கர் இரண்டு குழி பின்தங்கியிருந்தார். 15-ஐ எடுத்தார், 17-ஐ எடுத்தார். சமம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை! அந்த கடற்காற்றில், அந்தக் கூச்சலில், மூன்று தடவை யிப்ஸ் வந்த ஒருவர், குட்டி பட்களை வரிசையாகப் போட்டுத்தான் 18-வது கிரீனுக்கே வந்தார்.

அங்கே இர்வின் போகி, பாருக்கு ஓர் அடி அதிகம். லாங்கருக்கு ஆறடி பட். பந்து போகவேண்டிய பாதையில் ஷூ ஆணி கீறிய தடங்கள் இரண்டு. அன்றைய விதிப்படி அவற்றைச் சரிசெய்யக் கூடாது. கிரீனின் சாய்வுக்கு ஏற்றபடி அடித்தால் பந்து அந்தத் தடங்களில் பட்டு எங்கே வேண்டுமானாலும் போகும். கேடி பீட்டர் கோல்மனோடு பேசி, சாய்வைக் கணக்கில் எடுக்காமல் நேராக, கொஞ்சம் அழுத்தி அடிப்பது என்று முடிவு செய்தார். பந்து வலது விளிம்பை ஒட்டி நழுவியது. அமெரிக்காவுக்கு 14½-13½.

கை இழுக்கவில்லை. எனக்கு முக்கியமானது அதுதான். யிப்ஸ் வந்தவர் எவரும் அந்தக் காணொளியைப் பார்த்தால் முதலில் கையைத்தான் பார்ப்பார். சுத்தமான ஸ்ட்ரோக். நினைத்த இடத்தில் அடித்தார், பந்து திரும்பிவிட்டது. அந்த நிலைமையில் உலகத்தில் யாராலும் அதைப் போட்டிருக்க முடியாது என்று செவெ சொன்னார். செவெ சும்மா ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை.

22 ஏப்ரல் 2025

ஒருவர் "நாலடி பட்தானே" என்கிறார். ஆறடி. இன்னொருவர் "தடத்தைச் சரிசெய்திருக்கலாமே" என்கிறார். இப்போது செய்யலாம், 2019-இல் விதியை மாற்றினார்கள். 1991-இல் செய்திருந்தால் அந்தக் குழியையே இழந்திருப்பார்.

அதோடு, 28 ஆட்டங்கள் நடக்கும் போட்டியில் கடைசி ஒன்றை மட்டும் எடுத்து ஒருவர் தலையில் கட்டுவது நியாயமா? காலையில் தோற்ற ஐரோப்பியர் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா?

அடுத்த ஞாயிறு என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஷ்டுட்கார்ட் பக்கம் ஜெர்மன் மாஸ்டர்ஸ், சொந்த நாட்டுக் கூட்டம். 18-வது கிரீனில் பிளே ஆஃபுக்கு (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) போக அவர் ஒரு பட்டைப் போட்டாக வேண்டும், பதினைந்தடி. ஏழு நாள் முன்பு நடந்தது தலைக்குள் ஓடியது, பந்து மேல் மட்டும் மனதை வைத்தேன் என்று பின்னால் சொல்லியிருக்கிறார். போட்டார். பிளே ஆஃபில் ரோட்ஜர் டேவிஸை வென்றார். பதினெட்டு மாதத்தில் மாஸ்டர்ஸ். சிப் பெக்கை நான்கு ஸ்ட்ரோக் முந்தி, 277. அவ்வளவு நேரான வெற்றி 1985 கூட இல்லை.

பெக் அன்றைக்கு 15-வது குழியில் தண்ணீரைத் தாண்ட முயலாமல் முன்னால் நிறுத்தி அடித்தார், அதற்காக இன்றைக்கும் திட்டு வாங்குகிறார். லாங்கர் 13-இல் ஈகிள் போட்டதைப் பற்றிப் பேசாமல் பெக்கைத் திட்டுவதும் ஒருவகையில் லாங்கரைக் குறைப்பதுதான்.

24 ஏப்ரல் 2025

மெதுவாக ஆடுவது பற்றி. ஆமாம், மெதுவாகத்தான் ஆடினார். கேடி ஒருமுறை தண்ணீர்த் தெளிப்பானிலிருந்து தூரம் சொன்னபோது, அதன் முன்பக்கத்திலிருந்தா பின்பக்கத்திலிருந்தா என்று கேட்டதாக ஒரு கதை கோல்ஃப் உலகம் முழுக்க உலாவுகிறது. எனக்கு மெதுவாக ஆடுகிறவர்களைப் பிடிக்காது, பின்னால் காத்து நிற்கும்போது எரிச்சல் வரும். இந்த ஒரு புகாரில் கேள்வி கேட்டவர் பக்கம்தான் நான்.

மேஜர்களில் ஒன்றான பிரிட்டிஷ் ஓபனை அவர் வெல்லவில்லை என்பதும் சரி. 1981-இல் சாண்ட்விச்சில் பில் ராஜர்ஸுக்குப் பின்னால் இரண்டாவது, 1984-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் செவெவுக்குப் பின்னால் டாம் வாட்சனோடு சேர்ந்து இரண்டாவது. அவருக்கே அது குறைதான்.

11 மே 2025

நீளப் பட்டர் விவகாரத்தைக் கிளப்பியிருக்கிறார்கள். எதிர்பார்த்தேன்.

2016 ஜனவரியிலிருந்து பட்டரின் முனையையோ அதைப் பிடித்த முன்கையையோ உடம்பில் ஊன்றி அடிக்கக் கூடாது. நீளப் பட்டர் தடை இல்லை, ஊன்றுவதுதான் தடை. லாங்கர் அதே பட்டரை வைத்துக்கொண்டு கையை மார்பிலிருந்து விலக்கிப் பிடிக்க ஆரம்பித்தார். 2017-இல் சில காணொளிகளைக் காட்டி, கை மார்பில் படுகிறது என்று பெரிய சண்டை. சக ஆட்டக்காரர் ஸ்காட் மெக்காரனும் அதில் மாட்டினார். விதி அமைப்பு விசாரித்து மீறல் இல்லை என்று அறிக்கை விட்டது.

எனக்கு அப்போது கொஞ்சம் உறுத்தியது, மறைக்கவில்லை. சட்டை பட்டரில் உரசுகிற மாதிரி தெரிந்தது. இப்போது யோசித்தால் கோளாறு விதியில் இருக்கிறது. வேண்டுமென்றே ஊன்றினாரா என்பதை நடுவர் எப்படிப் பார்ப்பார்? ஆட்டக்காரரின் வாக்கைத்தான் நம்ப வேண்டும். ஐம்பது வருடத்தில் இந்த மனிதர் ஸ்கோர் அட்டையில் கள்ளம் செய்தார் என்று ஒரு குரல்கூட எழுந்ததில்லை. அந்த வாக்கை நான் நம்புகிறேன்.

இன்னொன்று. அந்தத் தடைக்குப் பிறகு அவர் விழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். 2017-இல் மட்டும் மூன்று சீனியர் (50 வயது தாண்டியவர்கள்) மேஜர்களை வென்றார். முன்கையோடு சேர்த்துப் பிடிக்கும் அவருடைய பழைய பிடிக்கு விதியில் தடையே இல்லை, அதன் சாயலில்தான் மேட் குச்சர் ஆடுகிறார்.

18 மே 2025

சீனியர் தொடரைக் கேலி செய்தவருக்குக் கடைசியாக.

அந்தத் தொடரில் அதிக வெற்றி என்ற சாதனை 45. வைத்திருந்தவர் யார்? ஹேல் இர்வின். கியாவா 18-வது கிரீனில் எதிரே நின்ற அதே ஆள். 2023 பிப்ரவரியில் லாங்கர் அதைத் தொட்டார், ஜூலையில் விஸ்கான்சினில் அமெரிக்க சீனியர் ஓபனை வென்று தாண்டினார், 65 வயதில். சீனியர் மேஜர் மொத்தம் 12. 2014-இல் வேல்ஸின் போர்த்கால் மைதானத்தில் சீனியர் ஓபனை 13 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றதும் அதில் அடக்கம்.

2024 பிப்ரவரியில் பிக்கிள்பால் ஆடும்போது குதிகால் தசைநாண் அறுந்தது. 66 வயதில் அறுவை சிகிச்சை. மே மாதம் திரும்பிவந்து ஆடினார். நவம்பரில் ஃபீனிக்ஸில் கடைசிக் குழியில் முப்பதடி பட்டைப் போட்டு வென்றார், 47. 2007 முதல் 2024 வரை தொடர்ந்து 18 ஆண்டுகள் ஆண்டுக்கு ஒரு வெற்றியாவது வந்தது. அந்தப் பட்டைப் போட்ட கை எது? பத்தொன்பது வயதில் மூன்றடியில் துடித்த அதே கை.

2004 ரைடர் கோப்பைக் கேப்டன் பதவியை யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஓக்லண்ட் ஹில்ஸில் ஐரோப்பாவுக்கு 18½-9½. பயிற்சி நாட்களில் தன் வீரர்களை அமெரிக்கக் கூட்டத்திடம் போய்க் கையெழுத்துப் போடச் சொன்னார். எதிரி மைதானத்தில் பாதிக் கூச்சல் அங்கேயே அடங்கியது. கியாவாவில் கூட்டம் என்ன செய்யும் என்று பார்த்தவர் யோசித்த யோசனை அது.

5 ஜூலை 2025

மியூனிக் பக்கம் ஐஷன்ரீட் போய்விட்டு வந்தேன். பிஎம்டபிள்யூ இன்டர்நேஷனல் ஓபன், ஐரோப்பியத் தொடரில் அவருடைய கடைசி ஆட்டம். ஐரோப்பாவில் 42 வென்றவர் இந்தப் போட்டியை மட்டும் ஒரு தடவையும் வென்றதில்லை, பல தடவை இரண்டாவது வந்திருக்கிறார்.

நான் அதிக நேரம் நின்றது பயிற்சி கிரீன் பக்கத்தில். பக்கத்தில் இருபது வயதுப் பையன்கள் பேசிச் சிரித்துக்கொண்டு பட் அடித்தார்கள். இவர் மூன்றடியில் பந்தை வைத்து, ஒவ்வொன்றையும் முழு முறையோடு, நோக்கி, மூச்சுவிட்டு, கையைப் பொருத்தி அடித்தார். அவசரமே இல்லை. என் பக்கத்தில் நின்ற பவேரியப் பெரியவர் ஆவுக்ஸ்பர்க்காரராம், "எங்க ஊர்ப் பிள்ளை" என்று அழுதுகொண்டே சொன்னார். நானும் அழுதேன்.

வரிசை கேட்டீர்கள் அல்லவா. செவெ, ஃபால்டோ, லாங்கர், லைல், வூஸ்னம். நீண்ட காலக் கணக்கில் லாங்கரை இரண்டாவதாக வைக்கச் சொன்னாலும் சண்டைக்கு வரமாட்டேன். மேஜர் கணக்கில் ஃபால்டோவின் ஆறை ஒதுக்க முடியாது, அதனால் மூன்று.

6 ஜூலை 2025

அந்த முன்கைப் பிடியை முயன்று பார்க்கிறேன் என்று எழுதியவருக்கு: முதலில் மூன்றடிக்குள் மட்டும் பழகுங்கள், நீண்ட பட்களுக்குப் பழைய பிடியே இருக்கட்டும். 1985-இல் அவரும் அப்படிப் பிரித்துத்தான் ஆடினார். வலது கையால் ரொம்ப இறுக்காதீர்கள், இறுக்கினால் தோள் விறைத்துப் பந்து வலப்பக்கம் போகும். எனக்கு இதில் கை இழுப்பது நின்றுவிட்டது. நீண்ட பட்களில் தூரம் பிடிபட மட்டும் இன்னும் நாளாகும் போலிருக்கிறது. வழக்கமான அளவுப் பட்டரே போதும், பிடி மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தால் முன்கையில் ஒட்ட வைக்க வசதி. கடையில் பிடியை மாற்றிக் கொடுப்பார்கள், செலவு அதிகம் இல்லை.